தனியார் வகுப்பைப் பெருக்குவதா, அளவோடு நிறுத்துவதா? திருகோணமலை ஆசிரியர்களுக்கான ஓர் ஒப்பீடு

திருகோணமலையில் க.பொ.த. சாதாரண தரத்துக்கோ உயர்தரத்துக்கோ தனியார் வகுப்பு நடத்தி, அதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட ஆசிரியர்கள் பலர் இப்போது ஒரே கேள்வியோடு நிற்கிறார்கள். சில ஆண்டு உழைப்பில் பெயர் கிடைத்துவிட்டது. உவர்மலையிலிருந்தும் பாலையூற்றிலிருந்தும் மட்டுமல்லாமல் கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி என்று தூர இடங்களிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். வீட்டு விறாந்தையில் வாங்கு போட இடமில்லை. அதே நேரத்தில் இரவு பதினொரு மணியாகியும் விடைத்தாள் கட்டு முடிவதில்லை. மாதத்தில் ஒரு தடவையாவது தொண்டை கட்டிவிடுகிறது. சொந்தப் பிள்ளையின் பள்ளி நிகழ்ச்சிக்குப் போக நேரம் கிடைப்பதில்லை. குழுக்களைக் கூட்டுவதா, கல்வி நிலையமொன்றில் பெரிய வகுப்பு எடுப்பதா, சூம் (Zoom) இணையச் செயலி வழியாக வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்ப்பதா, உதவியாளர் வைப்பதா, சொந்தமாகக் கல்வி நிலையம் தொடங்குவதா, அல்லது இருப்பதைக் குறைத்துக் கட்டணத்தைக் கூட்டுவதா என்பதே அவர்களின் கேள்வி.

இந்த ஆறு வழிகளுக்கும் ஆதரவாகப் பேசுவோர் ஊரில் இருக்கிறார்கள். அவரவர் தமக்குப் பொருந்திய வழியை எல்லோருக்கும் உரிய வழியாகச் சொல்கிறார்கள். ஆகவே எந்த அளவுகோலால் அளப்பது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகே ஒவ்வொரு வழியையும் பார்ப்பது நல்லது.

## எதை வைத்து அளப்பது

முதலாவதும் முக்கியமானதுமான அளவுகோல், ஒரு மணி நேர வகுப்புக்குப் பின்னால் எத்தனை மணி நேர வேலை மறைந்து நிற்கிறது என்பதாகும். வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது நாம் வகுப்பு மணியையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறோம். ஆனால் ஆசிரியரை ஓயவைப்பது பெரும்பாலும் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் நேரமன்று. விடைத்தாள் திருத்துதல், பெற்றோரின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லுதல், யார் இந்த மாதக் காசு கட்டவில்லை என்று பார்த்தல், வராத பிள்ளைக்குக் குறிப்பு அனுப்புதல் ஆகிய பின்வேலைகள்தாம் இரவையும் ஞாயிற்றுக்கிழமையையும் விழுங்குகின்றன.

இரண்டாவது அளவுகோல், மாலை நேரம். பாடசாலை பிற்பகல் ஒன்றரைக்கு முடிகிறது. பிள்ளை வீடு போய், சாப்பிட்டு, உடுப்பு மாற்றி வர மூன்று மணியாகும். மூன்றிலிருந்து ஏழு வரை, ஐந்து நாட்களுக்கு இருபது மணி நேரம். சனிக்கிழமை எட்டு மணி நேரம். ஆகக் கிழமைக்கு இருபத்தெட்டு மணி நேரமே நம் கையில் இருக்கிறது. ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலைக்கு உரியது; வெள்ளி நண்பகலில் கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளுக்கு ஜும்ஆத் தொழுகை இருக்கிறது. தூர இடத்துப் பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் பேருந்து ஏறவேண்டும் என்பதால், அவர்களைப் பொறுத்தவரை ஏழு மணி என்பதும் பெயரளவுக்கே. இந்த இருபத்தெட்டு மணி நேரத்தைப் பணம் கொடுத்தும் நீட்ட முடியாது.

மூன்றாவது, வருமானத்தின் தொகையைவிட அதன் ஒழுங்கு. கிழக்குக் கரையில் வடகீழ்ப் பருவக்காற்று மழை கொட்டும் மாதங்களில் கடற்றொழில் படுத்துவிடும். அந்த மாதங்களில் வகுப்புக் காசும் பிந்தும். உயர்தரப் பரீட்சை 2024 இலும் 2025 இலும் நவம்பர் இறுதியில் மழை வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே அந்தப் பரீட்சைக்கான வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்வதால், பரீட்சை வகுப்பை மட்டும் நம்பியிருப்பவருக்கு ஆண்டுதோறும் வருமானமில்லாத ஒரு காலம் உறுதியாக வருகிறது.

நான்காவது, நீங்கள் ஒரு கிழமை காய்ச்சலில் படுத்தால் வகுப்பு நிற்குமா, நடக்குமா என்பது. ஐந்தாவது, எடுத்த முடிவு பிழைத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு செலவாகும் என்பது. இந்த ஐந்தாவதைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் தனது நோய்ப் பகுப்பின் பதினோராம் பதிப்பில் தொழிற்சோர்வை ஒரு நோயாக அன்றி, தொழில் சார்ந்த ஒரு நிலையாகவே வரையறுத்திருக்கிறது. ஓய்வெடுத்தும் தீராத களைப்பு, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் வெறுப்பு ஏற்படுதல், தன் வேலைத்திறன் குறைந்துவிட்டது என்ற உணர்வு ஆகிய மூன்றையும் அதன் கூறுகளாக அது சொல்கிறது. வகுப்பு ஆசிரியரிடம் இரண்டாவது கூறே முதலில் வெளித்தெரியும் என்பது என் கணிப்பு. பிள்ளை ஒரே ஐயத்தை மூன்றாம் முறை கேட்கும்போது எரிச்சல் வருவதும், நன்றாகப் படிக்கும் பிள்ளை வராத நாளில்கூட ‘ஒரு தாள் குறைவு’ என்று ஆறுதல் தோன்றுவதும் அதன் அடையாளங்கள். அந்த நிலையில் இருப்பவர் எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் வேலையைக் குறைத்துவிட்டே வளர்ச்சியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

## ஒரு மாதிரிக் கணக்கு

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். சாதாரண தரக் கணிதம் கற்பிக்கும் ஒருவரிடம் இருபத்தைந்து பேர் வீதம் நான்கு குழுக்கள், ஆக நூறு பிள்ளைகள் என்று கொள்வோம். ஒவ்வொரு குழுவுக்கும் கிழமைக்கு நான்கு மணி நேரம். மாதக் கட்டணம் 1,500 ரூபாய். கிழமைக்கு ஒரு சிறு பரீட்சைத் தாள். ஒரு தாளைத் திருத்த ஐந்து நிமிடம். வகுப்பு 16 மணி, திருத்தல் 8 மணி 20 நிமிடம், தயாரிப்பு 4 மணி, தொலைபேசியும் காசுக் கணக்கும் 3 மணி. இந்தத் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்தவை. உங்கள் தொகைகளை இட்டுக் கணக்கை மறுபடி செய்து பாருங்கள்.

| வழி | பிள்ளைகள் | கிழமைக்கு மொத்த வேலை (மணி) | வரிக்கு முன் மாத வருமானம் (ரூபாய்) |
|---|---|---|---|
| இப்போதுள்ள நிலை | 100 | 31 | 150,000 |
| மேலும் இரண்டு குழுக்கள் | 150 | 45 | 225,000 |
| 120 பேர் கொண்ட மண்டப வகுப்பைச் சேர்த்தல், தாள்களைத் திருத்தி | 220 | 46 | 240,000 |
| அதே மண்டப வகுப்பு, தாள்களைத் திருத்தாமல் | 220 | 36 | 240,000 |
| சூமில் 30 பேரைச் சேர்த்தல் | 130 | 41 | 186,000 |
| உதவியாளருடன் மேலும் இரண்டு குழுக்கள் | 150 | 32 | 182,000 |
| குழுவுக்கு இருபது பேர், கட்டணம் 1,900 | 80 | 29 | 152,000 |

சொந்தக் கல்வி நிலையத்தை இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. அதன் செலவு இடத்துக்கு இடம் அவ்வளவு மாறுபடுவதால், ஒரு மாதிரித் தொகை சொல்வது வழிதவறச் செய்துவிடும்.

## மேலும் குழுக்களைச் சேர்த்தல்

இது மிக இயல்பான வழி. ஆகவே மிக ஆபத்தான வழியும் இதுவே. புதிதாக ஒரு சதமும் முதலிட வேண்டியதில்லை. வாங்கு இருக்கிறது, பலகை இருக்கிறது, குறிப்பு இருக்கிறது. நேர அட்டவணையில் செவ்வாய், வியாழன் மாலைகள் வெற்றாக இருக்கின்றன. இரண்டு குழுக்களைச் சேர்த்தால் வருமானம் 75,000 ரூபாயால் ஏறுகிறது. மணிக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தாலும் வருமானம் குறையவில்லை. கணக்கு இதை ஆதரிப்பது போலவே தோன்றும்.

தோன்றாதவை மூன்று. ஒன்று, வகுப்பு மணி 24 ஆகும்போது மாலையில் மிஞ்சுவது நான்கு மணி நேரம் மட்டுமே. ஏழாவது குழுவையும் சேர்த்துவிட்டால் அதுவும் போய்விடும். மழைக்கு ஒரு நாள், கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள், பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு ஒரு நாள் என்று வகுப்பு தவறும்போது, ஈடுசெய்ய ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாள் இருக்காது. இரண்டு, திருத்தல் பன்னிரண்டரை மணியாகிறது. அது மாலையில் நடக்காது. இரவு எட்டு மணிக்கு மேல், பகல் முழுதும் பேசிய களைப்போடு நடக்கும். மூன்று, குரல். தகரக் கூரையின் கீழ் மார்கழி மழையில் இருபத்தைந்து பிள்ளைகளுக்குக் கேட்கும்படி இரண்டு மணி நேரம் பேசியவருக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மழைச் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்த, பிள்ளைகளும் ஒருவரோடொருவர் பேசக் குரலை உயர்த்த, கடைசி அரை மணியில் ஆசிரியரின் குரல் உடைந்து கரகரக்கத் தொடங்கும். ஒரு மழைக்கால மாலையில் அது தாங்கும். கிழமைக்கு இருபத்துநான்கு மணி நேரம் தாங்காது.

இதோடு வரியையும் சேர்க்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான தனிநபர் வருமானம் வரிவிலக்குப் பெறுகிறது. மாதத்துக்கு அது 150,000 ரூபாய். அதற்கு மேற்படும் தொகையில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதமும் அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதமும் வரி உண்டு. மாதிரிக் கணக்கின்படி ஆறு குழு நடத்துபவர் செலவுகளைக் கழிக்காமல் பார்த்தால் ஆண்டுக்கு 54,000 ரூபாய் செலுத்த வேண்டிவரும். தொகை பெரிதன்று. ஆனால் வரவு செலவைப் பதிந்து வைத்துக் கணக்குக் காட்டும் வேலையும் பின்வேலைப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

இந்த வழி பொருந்துவது, இப்போது இரண்டு அல்லது மூன்று குழுக்கள் மட்டுமே வைத்திருக்கும் இளம் ஆசிரியருக்கு. ஒரே தரத்துக்கு மட்டும் வகுப்பு எடுப்பவருக்கும் பொருந்தும், ஏனென்றால் தயாரிப்பு நேரம் ஏறாது. ஐந்து குழுக்களைத் தாண்டியவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எத்தனை குழு நடத்தினாலும் அட்டவணையில் ஒரு மாலையை வேண்டுமென்றே வெற்றாக விட்டுவைக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன்.

## கல்வி நிலையத்தில் பெரிய வகுப்பு

120 பிள்ளைகள், ஆளுக்கு 1,000 ரூபாய், அதில் நிலையத்துக்குக் கால்வாசி என்று வைத்தால் ஆசிரியருக்கு 90,000 ரூபாய் கிடைக்கிறது. கிழமைக்கு நான்கு மணி நேர வகுப்புக்கு இதைவிட நல்ல விலை இந்த ஊரில் கிடைக்காது. காசு சேர்ப்பது, வரவு பதிவது, பெற்றோருக்குப் பதில் சொல்வது எல்லாம் நிலையத்தின் பொறுப்பு. ஒலிவாங்கி இருப்பதால் குரலுக்கும் ஓய்வு. இவற்றைக் குறைத்து மதிப்பிடக்கூடாது; பின்வேலையில் ஒரு பெரும்பகுதியை இந்த வழி உண்மையாகவே எடுத்துவிடுகிறது.

கேள்வி திருத்தலில்தான் வருகிறது. 120 தாள்களை ஒழுங்காகத் திருத்தினால் கிழமைக்கு இன்னும் பத்து மணி நேரம் வேண்டும், அப்போது 46 மணி நேர வேலையில் போய் நிற்போம். திருத்தாமல் விட்டால் 36 மணியோடு முடியும். நடைமுறையில் பலர் திருத்தாமல் விடுகிறார்கள். பலகையில் விடையை எழுதிப் பிள்ளைகளையே சரிபார்க்கச் சொல்கிறார்கள். முதல் வரிசைப் பிள்ளைக்கு அது போதும். பின்வரிசையில் இருக்கும் பிள்ளை, பலகையில் உள்ளதைத் தன் தாளில் அப்படியே எழுதிச் சரி போட்டுக்கொண்டு போய்விடும். அந்தப் பிள்ளையின் பெற்றோரும் அதே 1,000 ரூபாயைத்தான் கட்டுகிறார்கள். இந்த உறுத்தல் நல்ல ஆசிரியரைப் பின்வேலையின் பாரத்தைவிட அதிகமாகக் களைக்கச் செய்யும்; செய்யும் வேலையில் நம்பிக்கை குறைவதும் தொழிற்சோர்வின் ஒரு கூறே என்பதை மேலே பார்த்தோம்.

மறைந்த செலவு இன்னொன்று உண்டு. பெரிய வகுப்பு பெயரில் நிற்கிறது. பெறுபேறு வந்ததும் சந்திக்குச் சந்தி ‘9 ஏ’ (ஒன்பது பாடங்களிலும் ஏ) பெற்ற பிள்ளைகளின் படங்களோடு பதாகை தொங்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இன்னொரு பெயர்பெற்ற ஆசிரியர் அதே பாடத்துக்கு வந்தால், அடுத்த தவணையில் பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள். அந்தப் பதற்றம் மணிக்கணக்கில் அடங்காது. நிலைய உரிமையாளர் நேரத்தை மாற்றினாலும் பங்கைக் கூட்டினாலும் உங்களிடம் எழுத்தில் ஒன்றும் இருக்காது. ஆகவே நேரம், பங்கு, காசு கைக்கு வரும் நாள், விலகுவதானால் எத்தனை மாதம் முன்னதாகச் சொல்வது ஆகிய நான்கையும் ஒரு தாளிலாவது எழுதி இருவரும் ஒப்பமிட்டுக்கொள்ள வேண்டும்.

கற்பித்தல் இயல்பாகவே மேடைப் பாங்கானவர்களுக்கும், திருத்தலில் பெரிதும் தங்கியிராத பாடங்களுக்கும், கடந்தகால வினாத்தாள்களை விளக்கும் வகுப்புக்கும் இது நன்கு பொருந்தும். கணிதத்தில் தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. வழக்கமான கற்பித்தலைச் சிறு குழுக்களில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களுக்கு மட்டும் வினாத்தாள் வகுப்பை மண்டபத்தில் நடத்துவது, இரண்டின் நன்மையையும் ஓரளவு தரக்கூடிய ஏற்பாடு.

## சூம் வகுப்பு

2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது எல்லோரும் வேறு வழியின்றிப் பழகிய முறை இது. இப்போது விரும்பித் தேர்வதற்குக் காரணம், வவுனியாப் பிள்ளையும் மன்னார்ப் பிள்ளையும் திருகோணமலை ஆசிரியரிடம் படிக்க முடிகிறது என்பதே. மண்டப வாடகை இல்லை; மழை தடுக்காது; வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் இருக்கும் பிள்ளை இருட்டில் பேருந்துக்கு நிற்க வேண்டியதில்லை. தூர இடத்துப் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது சிறிய விடயமன்று.

ஆனால் திருத்தல் இங்கே கூடுகிறது. கைபேசியில் எடுத்த மங்கலான படத்தைப் பெருப்பித்துப் பார்த்து, திரையில் குறித்துத் திருப்பியனுப்ப ஒரு தாளுக்கு எட்டு நிமிடமாவது செல்லும். முப்பது பேருக்கு நான்கு மணி நேரம். வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்குக் கேள்வி வரும். பதில் சொல்லாவிட்டால் காலையில் பெற்றோர் அழைப்பார்கள். வகுப்பின் பதிவைப் பணம் கட்டாதவர்களுக்கும் அனுப்பிவிடுவார்கள். சூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் நாற்பது நிமிடத்தோடு துண்டிக்கப்படும் என்பதால் கட்டணக் கணக்கு வேண்டும். அதன் விலை டொலரில் இருப்பதால், நாணய மாற்று வீதம் ஏறும்போது அதுவும் ஏறும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின் இல்லாதிருந்ததை நினைவில் வைத்து, இந்த ஒன்றை மட்டும் நம்பித் தொழிலை அமைக்காமல் இருப்பது பாதுகாப்பு.

புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க விரும்புபவர்கள் கடிகாரத்தை முதலில் பார்க்க வேண்டும். இலண்டனில் கிழமை நாளில் மாலை ஆறு மணி என்றால், இங்கே குளிர்காலத்தில் இரவு பதினொன்றரை, கோடையில் பத்தரை. பவுணில் வரும் காசு பெரிதாகத் தெரியும், ஆனால் அது உறக்கத்திலிருந்து எடுக்கப்படும் காசு. ரொறன்ரோவின் சனிக்கிழமைக் காலை ஒன்பது மணி இங்கே மாலை ஆறரை அல்லது ஏழரை. வெளிநாட்டு வகுப்பு எடுப்பதானால் அந்தச் சனிக்கிழமை நேரத்தைத் தேர்வதே உடலுக்கு ஏற்றது.

## உதவியாளரை வைத்துக்கொள்ளுதல்

எல்லா வழிகளிலும் இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன், ஏனென்றால் ஓயவைக்கும் வேலையை நேரடியாகக் கை வைத்துக் குறைப்பது இது மட்டுமே. மாதிரிக் கணக்கில் ஆறு குழுக்களாக வளர்ந்து, 150 தாள்களைத் திருத்தும் பொறுப்பையும் காசுப் பதிவில் பாதியையும் ஒருவரிடம் ஒப்படைத்து, அவருக்கு மாதம் 37,500 ரூபாய் கொடுத்தால் ஆசிரியரின் வேலை கிழமைக்கு 32 மணியில் நிற்கிறது. நான்கு குழுக்களுக்குத் தனியே உழைத்த காலத்தின் ஏறத்தாழ அதே நேரம்; வருமானம் மட்டும் 32,000 ரூபாய் அளவு கூடுதல். ஆறு குழுக்களைத் தனியே நடத்துபவரோடு ஒப்பிட்டால் மாதம் 43,000 ரூபாய் குறைவு என்பது உண்மை. அந்தத் தொகைக்கு அவர் வாங்குவது கிழமைக்குப் பதின்மூன்று மணி நேரம்.

அந்த 43,000 இல் 5,625 ரூபாய் ஏன் தனியே போகிறது என்றால், மாதச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தொழில்தருநர் செலுத்த வேண்டும். அதற்கு மேலாக ஊழியரின் 8 வீதம் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட வேண்டும். ஓர் ஊழியர் மட்டும் இருந்தாலும் இது பொருந்தும். பிள்ளைகளுக்கு நேர்மை கற்பிக்கும் இடத்தில் இதைத் தவிர்க்க வழி தேடுவது அழகன்று.

ஆளைத் தேடுவதில் நம் ஊருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பழைய மாணவர்கள் எப்போதும் இருப்பார்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களுக்கும் பகுதிநேர வேலை தேவைப்படுகிறது. பாடம் தெரிந்தவர்கள், பிள்ளைகளுக்கு அண்ணன், அக்கா முறையில் நெருக்கமானவர்கள். குறை என்னவென்றால், காத்திருப்பவருக்கு அழைப்பு வந்ததும் போய்விடுவார். ஆண்டுக்கு ஒரு தடவை புதியவரைப் பழக்க வேண்டிவரும் என்பதை இந்த வழியின் நிரந்தரச் செலவாகவே கொள்ளவேண்டும்.

பழக்குவதில் எங்கே கவனம் வேண்டும் என்பதற்கு ஒரு தாளை எடுத்துப் பார்க்கலாம். 2x − 6 = 10 என்ற சமன்பாட்டுக்கு ஒரு பிள்ளை அடுத்த வரியில் 2x = 4 என்று எழுதி, x = 2 என்று முடித்திருக்கிறது. புதிய உதவியாளர் விடையின் மேல் சிவப்புக் கோடு போட்டு, பூச்சியம் இட்டுவிடுவார். ஆசிரியராக இருந்தால் முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையில் ஒரு வட்டம் போட்டு, ‘வலப் பக்கத்தில் 6 ஐக் கூட்டவில்லை, கழித்திருக்கிறாய்’ என்று எழுதி, இறுதிப் படியைச் சரியாகச் செய்ததற்கு ஒரு புள்ளி கொடுப்பார். முதல் வகைத் திருத்தல் பிள்ளைக்கு ஒன்றையும் சொல்லவில்லை. அப்படித் திருத்துவதானால் உதவியாளருக்குச் சம்பளம் கொடுப்பதே வீண். ஆகவே ஒவ்வொரு தாளுக்கும் படிமுறைப் புள்ளித் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு மாதங்கள் அவர் திருத்திய தாள்களில் பெரும்பகுதியை மறுபடி பார்க்க வேண்டும். பிறகு பத்துக்கு ஒன்று போதும். அந்த முதல் இரண்டு மாதங்களில் வேலை குறையாது, கூடும். உதவியாளர் வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை என்று சொல்பவர்களில் பலர் அந்த இரண்டு மாதத்துக்குள் கைவிட்டவர்களே.

சின்ன வயது உதவியாளரைப் பிள்ளைகளோடு விடும்போது திறந்த இடத்தில், மற்றவர் கண்ணில் படும்படி வேலை செய்ய வைப்பதும், பிள்ளைகளோடு தனிப்பட்ட தொலைபேசித் தொடர்பு கூடாது என்று முதல் நாளே சொல்வதும் பெற்றோருக்கு நாம் செய்யவேண்டிய கடமை.

திருத்தலை இன்னொருவரிடம் கொடுக்க மனம் ஒப்பாதவருக்கு இது பொருந்தாது. எண்பது பிள்ளைகளுக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கும் சம்பளம் கட்டுபடியாகாது. அவர் ஒரு மணிக்கு இவ்வளவு என்று பரீட்சைத் தாள் வரும் கிழமைகளில் மட்டும் ஆளைக் கூப்பிடலாம்.

## சொந்தக் கல்வி நிலையம்

இதைச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் இது வேறொரு தொழில். முற்பணம், வாடகை, மேசை வாங்கு, மின்விசிறி, மின்பிறப்பாக்கி, மலசலகூடம், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்ளூராட்சி சபையின் அனுமதி, காவலாளி, மற்றப் பாட ஆசிரியர்களின் மனத்தாங்கல்கள் என்று உங்கள் நாளின் பெரும்பகுதி கற்பித்தலுக்கு வெளியே போய்விடும். காய்ச்சலில் படுத்தாலும் வருமானம் நிற்காது என்ற ஒரு பெரும் நன்மை இதில் உண்டு. ஆனால் மழை மாதத்தில் பிள்ளைகள் வராவிட்டாலும் வாடகை நிற்காது; பழைய நிலைக்குத் திரும்புவது மற்ற எல்லா வழிகளையும்விடக் கடினம். ஐம்பது வயதை நெருங்கி, குரல் தளர்ந்து, நிர்வாகத்தில் மனம் இருப்பவருக்கும், நம்பகமான பங்காளி ஒருவர் கையில் இருப்பவருக்கும் இது ஏற்றது. கற்பித்தலை நேசிப்பதால் மட்டும் இதில் இறங்குபவர் தாம் நேசிப்பதையே இழப்பார்.

## குறைத்துக்கொண்டு கட்டணத்தைக் கூட்டுதல்

குழுவுக்கு இருபது பேர், கட்டணம் 1,900 ரூபாய் என்றால் வருமானம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. வேலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது. கணக்கில் சிறிய இலாபம் போலத் தெரிந்தாலும், இருபது பேரின் முகமும் கையெழுத்தும் மனதில் நிற்கும் வகுப்பில் களைப்பு வேறு விதமாக இருக்கும்.

ஆனால் இது திருகோணமலை. திருக்கடலூரிலும் சாம்பல்தீவிலும் இருந்து வரும் பிள்ளைகளின் தகப்பன்மாரில் கடலுக்குப் போகிறவர்கள் உண்டு, நாட்கூலிக்குப் போகிறவர்கள் உண்டு. மூன்று பாடத்துக்கு வகுப்புக் காசு கட்டும் வீட்டில் 400 ரூபாய் கூடுவது ஒரு பாடத்தை நிறுத்தும் முடிவாக மாறலாம். கூடுதல் கட்டணம் நல்ல பிள்ளைகளை வடிகட்டுவதில்லை, காசுள்ள பிள்ளைகளை மட்டுமே வடிகட்டுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே பழைய பிள்ளைகளுக்குப் பழைய கட்டணத்தையே விட்டு, புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் கூட்டுவதும், ஒவ்வொரு குழுவிலும் ஓரிரு இடங்களை முடியாதவர்களுக்கென்று ஒதுக்குவதும், மழை மாதத்துக் காசை மாசி, பங்குனியில் வாங்கிக்கொள்வதும் இந்த வழியோடு சேர்ந்தே வரவேண்டும். அவற்றைச் சேர்த்தால் கணக்கு சற்று இறங்கும், இறங்கட்டும்.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டு ஆசிரியைகளுக்கும், உடல்நலக் குறைவுள்ளவர்களுக்கும், ஏற்கெனவே சோர்வின் அடையாளங்கள் தெரியத் தொடங்கியவர்களுக்கும் மற்ற வழிகளுக்கு முன்பாக இதையே சொல்வேன்.

## எப்போது, எந்த ஒழுங்கில்

நான்கு குழுக்களோடு நிற்கும் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒழுங்கு இதுதான். முதலில் குழுக்களைக் கூட்டாமல் உதவியாளரைப் பழக்குங்கள். அவர் திருத்திய தாளில் பத்துக்கு ஒன்றைப் பார்த்தால் போதும் என்ற நிலை வந்த பிறகு ஐந்தாவது குழுவையும், ஒரு தவணை கழித்து ஆறாவதையும் தொடங்குங்கள். மண்டப வகுப்பு வேண்டுமானால் வினாத்தாள் காலத்துக்கு மட்டும் எடுங்கள். சூமை, பேருந்து இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கான ஒரே ஒரு குழுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றத்தைப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் செய்யக்கூடாது. ஜனவரியில் செய்வதே நல்லது. மார்கழி நடுப்பகுதிக்குள் பெற்றோருக்கு நேர அட்டவணையையும் கட்டணத்தையும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் அழைப்புக்குப் பதிலில்லை என்பதையும் அதே தாளில் எழுதலாம். முதல் மாதம் சிலர் முகம் சுளிப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வரும்போது ஜனவரியிலிருந்தான வரவையும் வேலை மணியையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தக் காலத்தில் நான்குக்கு மேற்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்திருந்தால், கடைசியாகச் சேர்த்த குழுவை இரண்டாம் தவணையில் தொடராமல் விட வேண்டும். அப்படி விட நேர்ந்தால் அந்தப் பிள்ளைகளை எந்த ஆசிரியரிடம் ஒப்படைப்பது என்பதை, குழுவைத் தொடங்கும் ஜனவரியிலேயே அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.